நாற்பத்திரண்டாம் எண் சட்டை

நூற்றுப் பதினொரு வருடம் ஆடி இருநூற்றுச் சொச்சம் ஆட்டங்களில் மட்டும் ஜெயித்த ஓர் அணிக்கு வரலாற்றுப் புத்தகம் ஒரு கேடா என்று வெர்லா கேட்டிருப்பாள். அந்தப் புத்தகத்தில் அவள் புருஷன் டுவேனின் பெயர் வர வேண்டியிருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வில்லோ ஃபோர்க் பல்கலைக்கழகம் என்று பெயர் பெரிதாகத்தான் இருக்கும். மூன்று செங்கல் கட்டடம், ஒரு தேவாலயம், சுற்றிலும் சோளக் காடு, அவ்வளவுதான். இந்த சீசனோடு ஃபுட்பால் அணியைக் கலைப்பதாக நிர்வாகக் குழு செப்டம்பரில் முடிவெடுத்தது. ஊர் கொதித்தது. கொதித்தவர்களின் வாயை அடைக்கத்தான் இந்தப் புத்தகம். எழுதுகிற வேலை மெர்ல் டீடேயின் தலையில் விழுந்தது. மாணவனாக இருந்த நாளிலிருந்து இன்றுவரை மைதானத்து மேல்கூண்டில் உட்கார்ந்து, யார் பந்தைப் பிடித்தான், எத்தனை கஜம் ஓடினான் என்று குறிப்பெடுக்கிறவர் அவர்தான்.

புத்தகத்தில் எல்லாம் இருந்தது. 1912-இல் வேதம் படிக்க வந்த பையன்கள் குதிரைச் சேணம் தைப்பவரிடம் தோல் தொப்பி தைத்துக்கொண்டு போய், எழுபத்து நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றுத் திரும்பியது இருந்தது. கடைசி இருபது வருடம், கட்டண வரவுக்காகப் பனியையே பார்த்திராத ஃபுளோரிடா பையன்களைப் பிடித்து வந்ததும், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பாததும்கூட இருந்தது. நடுவில் தங்க எழுத்தில் 1971. அவர்கள் வாங்கிய ஒரே கோப்பை. கடைசி நிமிடத்தில் எதிரணி வீசிய பந்தை நடுவில் பாய்ந்து பறித்து எண்பத்தொரு கஜம் ஓடிய நாற்பத்திரண்டாம் எண், கர்ட் லிண்ட்ஹோம்.

பொய். முழுப் பூசணிக்காய். ஐம்பத்திரண்டு வருடமாக இந்த ஊர் அதைச் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறது.

அன்றைக்கு மழை. மைதானம் உழுத வயலாகக் கிடந்தது. டுவேனின் இருபத்தேழாம் எண் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்துபோயிற்று. மாற்றுச் சட்டை வாங்கி வைக்க வக்கில்லாத கல்லூரி. முழங்கால் பிசகி, கம்பளி போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த கர்ட்டின் சட்டையைக் கழற்றி டுவேனுக்கு மாட்டி அனுப்பினார் கோச். தலையில் கவசம், முகத்தில் கம்பி, மேலெல்லாம் சேறு. மேல்கூண்டில் இருந்த மெர்லுக்குத் தெரிந்தது எண் மட்டும்தான். எண்ணைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கர்ட் என்று எழுதினார். திங்கட்கிழமை பத்திரிகையில் அப்படியே வந்தது.

பார்வையாளர் வரிசையில் நின்றிருந்த வெர்லாவுக்கு எண் தேவைப்படவில்லை. இடது முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓடுகிறவன் அந்த அணியிலேயே ஒருவன்தான்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கர்ட்டும் சிரித்தான். பத்து வருடம் போனது, கர்ட் சிரிப்பதை நிறுத்திவிட்டான். முப்பதாவது வருட விழாவில் மைதானத்துக்கே லிண்ட்ஹோம் என்று பெயர் வைத்தார்கள். முதலில் எழுந்து நின்று கைதட்டியவன் டுவேன். யார் கேட்டாலும், "கர்ட்தான் பிடிச்சான், நான் குறுக்க வந்த ஒருத்தனைத் தள்ளுனேன், அவ்ளோதான்" என்பான். வீட்டுக்கு வந்தால் வெர்லா கத்துவாள்.

"உனக்கு வெக்கமா இல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நம்ம டீம்தான ஜெயிச்சுது. இதுக்குப் போய் யாராச்சும் ரகளை பண்ணுவாங்களா?"

இந்த ஊர் ஆட்களின் வியாதி இது. வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பார்கள். அதற்கு நல்ல குணம் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது டுவேன் செருப்பைக் குளிர்பெட்டியில் வைக்கிறான். மகளின் பெயர் தெரியவில்லை. அந்தக் காலத்தில் தலையில் வாங்கிய அடிகள்தான் காரணம் என்றார் டாக்டர். அடிபட்டு விழுந்தால் மயக்கம் தெளிய மூக்கில் நெடி உப்பைக் காட்டி, 'இது எத்தனை விரல்' என்று கேட்டு, தப்பாகச் சொன்னாலும் முதுகில் தட்டி உள்ளே அனுப்பிய காலம் அது. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. போகட்டும். பிடித்த பந்தையாவது அவன் கணக்கில் எழுதுங்கள் என்றுதான் அவள் மெர்லின் வீட்டுக்குப் போனாள்.

"குறிப்புல என்ன இருக்கோ அதத்தான் நான் எழுத முடியும், வெர்லா."

"அந்தக் குறிப்ப எழுதுனதே நீதான மெர்ல்! அன்னிக்கு சாயங்காலமே உனக்குத் தெரியும். தெரியாதுன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு பாப்பம்."

மெர்ல் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "தெரியும்," என்றார். "திருத்தணும்னுதான் நெனச்சேன். ஒரு வாரம் போச்சு, ஒரு வருசம் போச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திருத்துறது?"

"இப்ப திருத்து."

"கோச் செத்துப் போயிட்டாரு. நீ பொண்டாட்டி, உன் பேச்சு எடுபடாது. கர்ட் சொல்லணும், இல்லேன்னா டுவேன் தன் வாயால சொல்லணும். சனிக்கிழமை கடைசி ஆட்டம், ரெண்டு பேரும் சாப்பாட்டுக்கு வருவாங்க. திங்கக்கிழமை அச்சுக்குப் போவுது."

வியாழன் காலை அடுப்படியில் முட்டையைக் கிளறிக்கொண்டே கேட்டுப் பார்த்தாள். "டுவேன், அந்தப் பந்த யாரு பிடிச்சது?"

அவன் முகம் விளக்குப் போட்டது போலாயிற்று. "நான்தான். சட்டை கிழிஞ்சுபோச்சா, கர்ட் சட்டையப் போட்டுவிட்டாங்க, எனக்கு லூசா இருந்துச்சு. பந்து நேரா நெஞ்சுல வந்து விழுந்துச்சு வெர்லா. திரும்பிப் பாத்தேன், ஒருத்தனும் இல்ல!" வெள்ளிக்கிழமையும் கேட்டாள். ஒரு சொல் பிசகாமல் சொன்னான். அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷத்தில் வந்த அழுகை.

சனிக்கிழமை உள்ளரங்கில் மேசை போட்டிருந்தார்கள். பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பும், தொட்டுக்கொள்ளப் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும். கர்ட், தன் மகள் மருமகன் பேத்திகள் சூழ உட்கார்ந்திருந்தார். வெர்லா டுவேனை அவருக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள். மெர்ல் அச்சுக்குப் போகவிருந்த பிரதியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். இத்தனை வயதில் அவருக்குக் கொஞ்சம் முதுகெலும்பு முளைத்திருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

"கர்ட், எழுபத்தொண்ணு ஆட்டத்துல ஒரு சந்தேகம்," என்றார் மெர்ல். "டுவேன்கிட்டயும் கேக்கணும்."

கர்ட்டின் கரண்டி நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. டுவேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டுவேன், அந்தக் கடைசிப் பந்து," மெர்ல் குனிந்து மெதுவாகக் கேட்டார். "அத யாருப்பா பிடிச்சது?"

வெர்லா மேசைக்கடியில் அவன் கையைப் பிடித்திருந்தாள். டுவேன் சுற்றிலும் பார்த்தான். கூட்டம், கோட்டுகள், தன்னையே பார்க்கும் முகங்கள். எதிரே கர்ட். அவன் முதுகு நிமிர்ந்தது. ஊருக்கென்று அவன் எப்போதும் வைத்திருக்கும் அந்தச் சிரிப்பு முகத்தில் வந்தது.

"கர்ட்தான். வேற யாரு? நான் குறுக்க வந்த ஒருத்தனைத் தள்ளுனேன், அவ்ளோதான்."

பேத்திகள் கைதட்டினார்கள்.

மகள் பெயர் போய்விட்டது, வீட்டு எண் போய்விட்டது, இந்தப் பாழாய்ப்போன மரியாதை மட்டும் போகவில்லை. வெர்லா கர்ட்டைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லேன், ஒரே ஒரு வார்த்தை. கர்ட்டின் கண் கலங்கியிருந்தது. வாய் திறந்தது.

"டுவேன் எப்பவுமே தங்கமான மனுசன்," என்றார்.

மெர்ல் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் டுவேனை என்னவோ செய்தது. சிரிப்பு அணைந்தது. மெர்லைப் பார்த்தான், கர்ட்டைப் பார்த்தான், பள்ளிக்கூடத்தில் தப்பாக விடை சொல்லிவிட்ட பிள்ளைபோல வெர்லாவின் பக்கம் திரும்பினான்.

"வெர்லா, நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?"

ஐம்பத்திரண்டு வருடம் அவனோடு சண்டை போட்டவள், அவன் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இல்ல டுவேன், சரியாத்தான் சொன்ன. கர்ட்தான் பிடிச்சான். நீ சாப்பிடு."