ஒன்பது சென்டிமீட்டர்

கோல்ஃப் மட்டை ஒரு நீளமான அட்டைக் குழாயில் வந்தது. லேப் தராசில் வைத்துப் பார்த்தேன். நானூற்று இருபத்தெட்டு கிராம். எடை போடும்படி யாரும் சொல்லவில்லை. லேபுக்குள் வருகிற எதையும் எடை போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அது 2006. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துச் சாத்தூரிலிருந்து திருப்பூருக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவிநாசிபாளையம் போகும் ரோட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி. துணியை வட்டமாக வெட்டி எடை பார்ப்பதும், துவைத்துக் காயவைத்துச் சுருக்கம் அளப்பதும் என் வேலை. லேபில் நான் ஒருத்திதான். மாலை ஏழரைக்குக் கம்பெனி வேன் ஹாஸ்டலுக்குக் கிளம்பும். அறையில் என்னுடன் சின்னத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நைட் ஷிப்ட். நான் போய்ச் சேரும்போது அவள் போயிருப்பாள். அவள் குரலைவிட அவள் தலையணை உறையின் பூக்கள் எனக்கு நன்றாகத் தெரியும்.

மட்டையைக் கொண்டுவந்தவர் மெர்ச்சண்டைசர் தரணி. ஆர்டர் பிடிப்பதும் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் பதில் சொல்வதும் அவர் பொறுப்பு. லேப் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஏனுங்க அபிராமி, உங்க தோள் அளவு எத்தனைங்க?"

நான் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவசரமாக விளக்கினார். பெண்கள் கோல்ஃப் விளையாடும்போது போடுகிற சட்டைக்கு ஆர்டர். சாம்பிள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் மட்டையை வீச வேண்டும். அதை முப்பது விநாடி படமெடுத்து அனுப்ப வேண்டும். பையர் பார்த்துச் சரி என்றால்தான் துணியில் கத்தி வைக்கலாம். சரியானதும் மட்டையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

சாம்பிள் ரூமைப் பெருக்கித் துணி அடுக்கும் காளியாத்தாள் டேப்பை எடுத்து வந்து என்னை அளந்தார். அவர்களுடைய ஸ்மால் சைஸுக்கு நான் அப்படியே பொருந்தினேன்.

"அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்குதுங்க சாமி. ஆளு மட்டும் பேசமாட்டேங்குது," என்றார் காளியாத்தாள்.

முதல் டிரையலில் சாம்பிள் ரூமே திரண்டு நின்றது. தையல்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டார்கள். நான் மட்டையைத் தூக்கி, உடம்பை அசைக்காமல், கையை மட்டும் ஆட்டினேன். வெயிலில் போட்ட ஜமுக்காளத்தில் தூசி தட்டுவதுபோல இருந்திருக்கும். மேல்கையில் சட்டை பிடித்தது.

பேட்டர்ன் மாஸ்டர் சகாயராஜ் தூத்துக்குடிக்காரர். சட்டையின் அளவு அட்டைகளை வரைந்து வெட்டுவது அவர். சிரிக்கமாட்டார். என் தோளைத் தொடாமல், சட்டையின் தையலை மட்டும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "கை சேர்ற வளைவு பத்தல. ஆம்ஹோலை எறக்கணும்," என்று குறித்துக்கொண்டார். ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கினார். அடுத்த சாம்பிளில் இன்னும் ஒன்று.

மட்டையுடன் நான்கு பக்கம் அச்சடித்த தாளும் வந்திருந்தது. எப்படி வீசுவது என்று பழகுவதற்கான பயிற்சிகள். கம்பெனியில் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. நான் லேபுக்கு எடுத்துப் போனேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. உன் முழங்கை எங்கே இருக்கிறது என்று யோசிக்காதே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேள்.

அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. அது என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

ஆறரைக்கு லேபைப் பூட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே தண்ணீர் டேங்கும் பாய்லர் குழாயும் தவிர யாருமில்லை. முதல் பயிற்சியில் மட்டையைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். கனமான பக்கம் கையில், பிடி பக்கம் கீழே. வீசினால் உஸ்ஸென்று சத்தம் வரும். வலது பக்கத்தில் வந்தால் அவசரப்பட்டிருக்கிறோம். உடம்பைத் தாண்டி இடது பக்கத்தில் வர வேண்டும். நான்கு நாள் எனக்கு வலது பக்கத்தில்தான் வந்தது. ஐந்தாம் நாள் ஒரே ஒரு முறை இடது பக்கத்தில் வந்தது. சுற்றிலும் பார்த்தேன். கேட்டிருக்க யாருமில்லை.

அடுத்த பயிற்சிக்குப் புல்தரை வேண்டும் என்று போட்டிருந்தது. எங்களிடம் புல் இல்லை, கழித்துப்போட்ட ஃபிளீஸ் துணி இருந்தது. ஸ்வெட்டருக்குப் போடும், முடி எழுப்பிய துணி. அதை நான்காக மடித்துச் சிமெண்ட் தரையில் விரித்து, தையல் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு இடது பக்கம் மட்டை உரச வேண்டும், அவ்வளவுதான். உரசிய இடத்தில் துணியின் முடி சாய்ந்து கிடக்கும். எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தால் மட்டை எந்தப் பாதையில் வந்தது என்று தெரிந்துவிடும். கையால் தடவி நிமிர்த்திவிட்டு மறுபடி.

இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து வீசுவது ஒன்று. பலம் காட்டினால் தள்ளாடும். வீசி முடித்த நிலையில் மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்பது இன்னொன்று. மூன்று எண்ணி முடித்தபின் நான்கு, ஐந்து என்று சும்மாவே நிற்பேன். மட்டை தோளுக்குப் பின்னால் தொங்கும். முகம் காங்கயம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். கீழே மிஷின்கள் ஓடும் அதிர்வு காலில் தெரியும். அந்த நாற்பது நிமிடத்தில், காலையிலிருந்து யாருடனும் பேசவில்லை என்பது நினைவுக்கு வராது.

காளியாத்தாள் ஒருநாள் மேலே காயப்போட்ட துணி எடுக்க வந்தார்.

"ஏங்கண்ணு, ஆரு மேல கோவம்? இந்தச் சுத்துச் சுத்துற."

"பழகுறேன்க்கா."

"பந்து எங்க?"

"பந்து அனுப்பலக்கா."

"அட போ கண்ணு. பந்தே இல்லாம என்னத்த வெளையாடுறது?" சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மூன்று வாரம் ஆனது. மாடியில் பத்துக்கு எட்டு வீச்சு சரியாக வந்தது. ஆனால் கீழே டிரையலில் அத்தனை பேர் பார்வைக்கு முன்னால் இடுப்பைத் திருப்ப எனக்கு வரவில்லை. பழையபடி ஜமுக்காளம் தட்டினேன். மூன்றாவது சாம்பிள் அதற்கு அருமையாக இருந்தது. எங்கும் பிடிக்கவில்லை.

"ஓகே," என்றார் சகாயராஜ். அட்டையில் கையெழுத்துப் போட்டார். நாளை மாலை நான்கு மணிக்குப் படம். இரவே பையர் சரி என்றால், நாளை மறுநாள் ஆறாயிரம் சட்டைக்குக் கட்டிங்.

நாளையோடு மட்டையும் போய்விடும். கடைசியாக ஒருமுறை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வீசலாம் என்று தோன்றியது. சாம்பிளை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

வீசினேன். சத்தம் இடது பக்கம் வந்தது. மூன்று எண்ணி நிற்கும்போது வயிற்றில் காற்று பட்டது. சட்டை ஏறி, இடுப்பு முழுக்க வெளியே தெரிந்தது.

இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி வீசினேன். மறுபடி ஏறியது. லேபிலிருந்து டேப்பை எடுத்து வந்தேன். பத்து முறை வீசி, பத்து முறையும் அளந்தேன். சராசரி ஒன்பது சென்டிமீட்டர். பழைய மாதிரி கையை மட்டும் ஆட்டிப் பார்த்தேன். ஒன்று.

டேங்க் நிழலில் உட்கார்ந்து யோசித்தேன். உடம்பைத் திருப்பி முழுதாக வீசும்போது கை தோளுக்கு மேலே போகிறது. ஆம்ஹோல் தாழ்வாக இருந்தால் கை தன்னோடு சட்டை முழுவதையும் மேலே தூக்கும். மாஸ்டர் தவறு செய்யவில்லை. நான் காட்டிய வீச்சுக்குச் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். நான் மாடியில் ஒன்றைப் பழகிக்கொண்டு கீழே வேறொன்றைக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை தரணியின் மேஜைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை லேபிலேயே நான்கு முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"சார், சட்டை மேல ஏறுது."

"நேத்து டிரையல்ல ஒண்ணுமே ஆகலீங்களே?"

"நேத்து நான் தப்பா வீசினேன் சார். சரியா வீசினா ஒன்பது சென்டிமீட்டர் ஏறுது."

அவர் போனில் ஒரு காதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப இன்னிக்கும் தப்பாவே வீசுங்க. முடிஞ்சுதுங்களா? நாளைக்கு கட்டிங்குங்க. உங்களுக்கும் அடுத்த வாரம் ஆறு மாசம் முடியுது. நல்லபடியா எழுதிக் கொடுக்கோணும்னு இருக்கறேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

பழைய மாதிரி வீசினால் எல்லாம் சுலபம். வேலை நிரந்தரமாகும், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், என் வயிறு யார் கண்ணிலும் படாது. எங்கேயோ ஆறாயிரம் பெண்கள் ஒவ்வொரு வீச்சுக்கும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் இழுத்துவிட்டுக்கொள்வது எப்படி இருக்கும் என்று தெரியும்.

மதியம் சாப்பிடப் போகவில்லை. லேபில் கறுப்புத் துணித் துண்டு இருந்தது. தையல் பிரிவில் ஒரு அக்காவிடம் கேட்டு, உள்ளே போடும் பனியன்போல அடித்துக்கொண்டேன். பழைய அளவு டேப் ஒன்றை நறுக்கி, பனியனின் பக்கவாட்டில் செங்குத்தாகத் தைத்தேன். சட்டையின் ஓரம் சும்மா இருக்கும்போது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மேலே ஏற ஏற எண்கள் தெரிய வேண்டும்.

நான்கு மணிக்கு சாம்பிள் ரூமில் எல்லாரும் இருந்தார்கள். ஃபிளீஸ் துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டேன்.

"கோலம் போடுதுங்க," என்றார் காளியாத்தாள். சிரிப்பு எழுந்தது. காது சூடானது. தரணி டிஜிட்டல் கேமராவைத் தூக்கினார்.

"மெதுவா, நேத்து மாதிரியே. ரெடிங்களா?"

கோட்டைப் பார்த்தேன். அதன் இடது பக்கம். அங்கே முடி சாய வேண்டும். வேறு வேலை ஒன்றும் இல்லை.

சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்கும். தையல்காரர் ஒருவர் பின்னால் நகர்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மட்டை தோளுக்குப் பின்னால் தொங்கியது. நான் யாரையும் பார்க்கவில்லை. சட்டை ஏறி நின்றது.

"ஏனுங்க!" தரணி கேமராவை இறக்கினார். "என்னங்க இது? காலைல அத்தன சொன்னேனுங்களே!"

சகாயராஜ் கை நீட்டினார். "கேமராவ இங்க குடுங்க."

சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றித் திரையைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

"ஒம்பதா?"

"ஒன்பது சார்."

"இந்த வீச்ச எப்பப் பழகுன?"

"பத்து நாளா வருது சார்."

"பெறகு ஏம்மா நேத்து காட்டல?"

"கூச்சமா இருந்துச்சு சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அப்ப மூணு வாரமா ஒன் கூச்சத்துக்குத்தான் நான் ஆம்ஹோல் வெட்டிட்டு இருந்தேனா?"

ரூமே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அளவு அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, தன் கையெழுத்தின் மேல் குறுக்கே கோடு போட்டார். "தரணி, கட்டிங் நாளைக்குக் கெடையாது. மூணு நாள் வேணும்."

அந்த மூன்று நாளும் தரணி என்னிடம் நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதைக் காளியாத்தாளிடம் சொல்லி அனுப்பினார். மாஸ்டர் ஆம்ஹோலை மேலே ஏற்றி, அக்குளில் சாய்சதுரமாக ஒரு சின்னத் துண்டு வைத்தார். நான்காம் நாள் வீசினேன். அரை சென்டிமீட்டர். போட்டிருப்பதே தெரியாத சட்டை.

படம் போனது. திங்கட்கிழமை பதில் வந்தது. தரணி தாளை லேப் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வரிசையாகக் கட்டங்கள். காலர், பட்டன், ஆம்ஹோல், நீளம். கடைசிக் கட்டத்தில் 'மாடலின் அசைவு' என்று இருந்தது. எதிரில் ஓகே. அந்தக் கட்டத்தை மட்டும் பலமுறை படித்தேன்.

இரவு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் சொன்னேன். வேலை நிரந்தரமாகிவிடும் என்றதும் சாமிக்கு நன்றி சொன்னாள். சட்டையைப் பற்றி ஆரம்பித்தேன். "நீ எதுக்குடி சட்ட போடுற?" என்றாள். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "சும்மாம்மா," என்று வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மட்டையைத் துடைத்துக் குழாயில் போட்டு மூடினேன். கூரியர் படிவத்தில் மட்டையின் எடை நானூற்று இருபத்தெட்டு. பொருளின் விவரம் என்ற இடத்தில், சாம்பிள் போகும்போதெல்லாம் எழுதுவதையே எழுதினேன். மாதிரி, வணிக மதிப்பு இல்லை.

ஆறரைக்குக் கால் தானாக மாடிக்குப் போனது. காளியாத்தாள் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"குச்சி எங்க கண்ணு?"

"அனுப்பியாச்சுக்கா."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கையிலிருந்த விளக்குமாற்றை நீட்டினார். "இந்தா. இத வெச்சுச் சுத்து."

வாங்கினேன். மிகவும் லேசாக இருந்தது. ஃபிளீஸ் துணி டேங்க் ஓரத்தில் கிடந்தது, சாக்கட்டிக் கோடு அழியாமல். விரித்தேன். வீசினேன். சத்தம் எந்தப் பக்கமும் வரவில்லை. குனிந்து பார்த்தேன். கோட்டுக்கு இடது பக்கம், ஒரு கையகலத்துக்கு, முடி சாய்ந்து கிடந்தது.

"ஆச்சா? குடு, இன்னும் பாதி மாடி கெடக்குது," என்றார் காளியாத்தாள்.

கீழே வேன் ஹாரன் அடித்தது.