டேப்பட் கவரைக் கழற்றிய அன்று

என் சகலை சௌந்தரபாண்டியன் பட்டாளத்தில் பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். அதை நாங்கள் யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் நான் கட்டியது அக்காவை, அவர் கட்டியது தங்கச்சியை. அதனால் முறைப்படி நான்தான் பெரியவன். அவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும். கூப்பிடவும் செய்கிறார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவர் மேல் குறையே கிடையாது.

இருவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி குட்டியானை லோடு வண்டி எடுத்தோம். என் வண்டி மம்சாபுரத்தில் நிற்கும், அவருடையது செட்டியார்பட்டியில். மூன்று வருடமாக மாமனார் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் கறிக்குழம்பு இலைக்கு வருவதற்குள் எங்கள் எஞ்சின் ஆயில் சண்டை வந்துவிடும்.

நான் ஊற்றுவது முழு சிந்தெட்டிக். தங்க நிற டின். அவரும் சிந்தெட்டிக்தான் ஊற்றுகிறார், ஆனால் பெட்ரோல் பங்கில் அடுக்கி வைத்திருக்கிற மலிவு ரகம். என் ஆயில் விலையில் பாதிதான் வரும்.

"எஞ்சினுக்குள்ள அழுக்கு அண்டாது சகலை. ஒருதடவ ஊத்துனா ரெண்டு மடங்கு ஓடும். கூட்டிக் கழிச்சுப் பாத்தா எனக்குத்தான் லாபம்" என்பேன்.

"ஆயிலு எம்புட்டு ஒசத்தியா இருந்தாலும் கிலோமீட்டர் வந்தா மாத்திரணும் அண்ணாச்சி" என்பார் அவர்.

சொன்னபடி மாற்றியும் விடுவார். கடைசியாக மாற்றிய கிலோமீட்டரைக் கதவின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருப்பார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டியா, காய்ச்சல் கணக்கு எழுதித் தொங்கவிடுகிற ஆஸ்பத்திரிக் கட்டிலா?

எனக்கு அந்த வேலையெல்லாம் இல்லை. ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவி, பழைய ஆயிலை இறக்கி, புது டின்னுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி ஊற்றுவேன். நடுவில் குறைந்தால் கொஞ்சம் விட்டுக்கொள்வேன். சாமி முன்னால் ஊற்றிய ஆயிலை நாலு மாதத்தில் இறக்கிவிட எனக்கு மனசு வராது.

போன ஆவணியில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி வண்டி தேடியது. தூத்துக்குடிக்கு வாரம் நாலு லோடு, வருடம் பூராவும். நானும் போய் நின்றேன், அவரும் வந்து நின்றார். மேனேஜர் வெங்கடேஸ்வரி அம்மா இரண்டு வண்டியையும் சுற்றிப் பார்த்தார்.

"கப்பலுக்குப் போற சரக்கு. நடுரோட்டுல நின்னா என் வேலை போயிரும். ஒரு வண்டிதான் வேணும். ரெண்டு பேரும் சொந்தக்காரங்க, சண்டை இல்லாம மெக்கானிக்கிட்டக் காட்டி எந்த எஞ்சின் நல்லாருக்குன்னு சாயங்காலம் வந்து சொல்லுங்க. அந்த வண்டிக்கே எழுதிருதேன்."

எனக்கு வத்திராயிருப்புத் தேங்காய் லோடு வந்தால் உண்டு. வராத நாளில் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கும், நானும் நிற்பேன். வருடம் முழுக்க வேலை என்பது எனக்கு வாய்த்ததே இல்லை. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு துளி பயம் இல்லாமல்தான் போனேன். ஊற்றியது தங்க டின் அல்லவா!

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் மாரிசெல்வத்தின் ஒர்க்‌ஷாப். அவர் முதலில் சகலையின் எஞ்சினில் மேலே இருக்கும் டேப்பட் கவரைக் கழற்றினார். உள்ளே இரும்பு இரும்பாகவே தெரிந்தது. லேசாகத் தேயிலை நிறம், அவ்வளவுதான். மலிவு ஆயிலுக்கு இதுவே அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என் வண்டி. மாரிசெல்வம் கவரைத் தூக்கினார். ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு ஓரத்தை வழித்து என் முன்னால் நீட்டினார். அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாக, கெட்டியாக ஒட்டியிருந்தது.

"எப்ப மாத்துனிய அண்ணாச்சி?"

"ஆயுத பூஜைக்கு."

"பொறவு எம்புட்டு ஓடிருக்கு?"

மீட்டரைப் பார்த்து, பூஜையன்று இருந்ததை ஞாபகத்திலிருந்து கழித்தேன். முப்பத்திநாலாயிரம். முதல் இரண்டு வருடம் உள்ளூர் லோடுதான், அடுத்த பூஜைக்குள் பன்னிரண்டாயிரம் தாண்டாது. இந்த வருடம் வந்த தேங்காய் லோடெல்லாம் தென்காசி, திருநெல்வேலி என்று தூரமாக அமைந்ததில் ஓட்டமாக ஓடிவிட்டேன். வண்டி ஓடிய ஓட்டத்துக்கு ஆயுத பூஜை சீக்கிரமா வரும்? அது வருகிறபோதுதான் வரும். இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

"சாதா ஆயிலா இருந்தா இந்நேரம் எஞ்சின் புடிச்சிருக்கும்" என்றார் மாரிசெல்வம். "ஒங்க ஆயிலு நல்ல ஆயிலுதான். ஒங்ககிட்ட மாட்டிக்கிட்டும் இம்புட்டு நாள் தாங்கிருக்கே! அடியில ஆயிலு நிக்கிற சம்ப்பக் கழத்திச் சுத்தம் பண்ணித் தாரேன். ரெண்டு நாள் ஆகும்."

சகலை சிரித்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஊத்துறது நல்ல ஆயிலுன்னு இப்பத்தான் நம்புதேன். அடுத்த தடவ நானும் அதத்தான் வாங்கப் போறேன்" என்றார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

சாயங்காலம் அவர் வண்டியில்தான் கம்பெனிக்குப் போனோம். ஆபீசுக்குள் நுழைந்ததும் வெங்கடேஸ்வரி அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, "யாரு வண்டி?" என்று சகலையைப் பார்த்துக் கேட்டார்.

சகலை ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார். "அண்ணாச்சி இருக்கையில நான் என்ன சொல்ல? அவிய சொல்லட்டும்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். என் பெயரை நான் சொன்னால் சகலை மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடம் சாப்பாட்டு இலையில் சண்டை போட்டவர், வெளியாள் முன்னால் என்னை விட்டுக்கொடுத்ததே இல்லை. அது அப்போதுதான் உறைத்தது.

"அவரு வண்டிதாம்மா" என்றேன். "என் எஞ்சின்ல கசடு. தப்பு ஆயிலு மேல இல்ல, என் மேலதான். அவரு வண்டிய நம்பி அனுப்பலாம். நடுரோட்டுல நிக்காது."

அந்த அம்மா செட்டியார்பட்டி சௌந்தரபாண்டியன் என்று எழுதிக்கொண்டார். வேலை கைவிட்டுப் போயிற்று. வயிற்றெரிச்சல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெளியே வந்து சகலை வாங்கிக் கொடுத்த டீயை நிம்மதியாகக் குடித்தேன்.

திரும்பி வருகிற வழியில் என் மனைவி காளீஸ்வரி போன் பண்ணினாள். வேலை தங்கச்சி வீட்டுக்கா, தன் வீட்டுக்கா என்று தெரியாமல் அவள் மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

"என்னங்க, யாருக்குக் கெடச்சது?"

சகலை ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நமக்குத்தான்" என்றேன்.