பெயிண்டுக்கு அடியில் போன அம்புக்குறி

"டேங்க நான் சுடலன்னு எப்டி சார் சொல்றே? கூட இருந்து பாத்தியா?"

"நான் சொல்லல யேசுதாஸ், மெஷின் சொல்றது. டேங்க்ல இறுக்கம் அப்படியே இருக்கு" என்றார் டெஸ்டிங் பாஷ்யம் சார்.

"நாள் முழுக்க ஃபர்னஸ் முன்னால வெந்துகினு இருந்தேன் சார். டீ குடிக்கக்கூட போவல. தோ, அரசப்பன் நிக்கிறான், கேளு."

ஆமாம் என்றேன். பக்கத்தில்தான் கிரைண்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர், "உன்னை யாரு கேட்டா? உன் வேலையப் பாரு" என்றார்.

எழுபத்தெட்டில், கும்மிடிப்பூண்டியில் டேங்க் செய்கிற கம்பெனியில் நடந்தது இது. வெல்டிங் போட்டால் இரும்புக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடும். சுட்டு அதை எடுப்பது யேசுதாஸ் வேலை. இறுக்கம் இருந்தால் இரும்புக்குள் ஒலி போகிற வேகம் மாறும். டெஸ்டிங் பாஷ்யம் சார் அதை வைத்துத்தான் சொல்வார். இறுக்கம் இல்லாத மாதிரித் துண்டில் வந்த வேகம் டேங்கில் வரவில்லை. வேலை நேரத்தில் தூங்கினான் என்று அன்று சாயந்திரமே யேசுதாஸை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பாஷ்யம் சாருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் வெல்டிங்கே படாத புதுத் தகடு ஒன்றை நீளவாக்கிலும் குறுக்கிலும் சோதித்தார். இரண்டு வேகம் வந்தது. மில்லில் உருட்டும்போது இரும்புக்குள் இருக்கிற பொடி மணிகளெல்லாம் ஒரே வாக்கில் படிந்துவிடுமாம். அதனால் ஒலி நெடுக்கே ஒரு வேகத்திலும் குறுக்கே வேறு வேகத்திலும் போகுமாம். எங்கள் ஃபர்னஸ் சூட்டுக்கு அது மாறாது. மாதிரித் துண்டை நெடுக்கே பார்த்தவர் டேங்கைக் குறுக்கே பார்த்திருக்கிறார். உருட்டிய திசை தெரிய தகட்டில் லேசாக ஓர் அம்புக்குறி கொத்துவோம். டேங்க் வாங்குகிற பார்ட்டி வருகிறார், பளிச்சென்று இருக்கட்டும் என்று டெஸ்டிங்குக்கு முன்பே மேனேஜர் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அதில் அம்புக்குறி மூடிப்போயிருந்தது.

"டேங்க் நன்னாத்தான் இருக்கு சார். தப்பு என்னுது."

"அப்ப பாஸ் போடு, லாரி ஏத்தலாம்" என்றார் மேனேஜர்.

"யேசுதாஸைக் கூப்பிடணுமே சார்."

"கூப்ட்டா நம்ம டெஸ்டிங்க எவன்யா நம்புவான்? பேஜாரு பண்ணாதே."

டேங்க் மாலை போட்டுக்கொண்டு எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனது. தூங்கினவன் என்ற பேர் முந்திக்கொண்டதால் எந்தக் கம்பெனியும் யேசுதாஸைச் சேர்க்கவில்லை. நான் கவரைப்பேட்டைக்குப் போய்ப் பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. சம்சாரம் கிரேஸோடு நெல்லூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள்.

அவன் சுட்டது சரிதான் என்று பாஷ்யம் சார் கண்டுபிடித்தது அவனுக்கு இன்னும் தெரியாது. அவனைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குப் பதில் எழுதுங்கள்.