நம்பிக்கை குறைந்ததால் வந்த ஆதாயம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் வீங்கிய கன்னத்தோடு ஓர் ஆடிட்டர். "ஒரு கம்பெனி கடனைத் திருப்பித் தராதுன்னு ஊரே நினைச்சா, அந்தக் கம்பெனி அதையே ஆதாயம்னு எழுதிக்கலாம் சார்" என்றார். வலியில் உளறுகிறார் என்று நினைத்தேன். தேடிப் படித்தால், கணக்கு விதி நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: 'மழை ஓய்ந்த மாலையில் அந்தக் கடன் பத்திரங்கள்'

வேண்டாம். கடன் பத்திரத்துக்கு மழை எதற்கு?

2

பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. அதன் தலைமைக் கணக்காளரை எல்லோரும் கமா என்றே கூப்பிடுவார்கள். எண்களுக்கு நடுவே கமா போடாத தாளை அவள் கையாலும் தொடமாட்டாள். (ஒல்லியாகவும் சோகமாகவும்தான் முதலில் எழுதினேன். சோகம் ஒட்டவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறவள் என்று மாற்றியதும் எழுந்து நடமாட ஆரம்பித்தாள்.) அவள் கணவர் அங்கேயே மூடி அச்சு மெஷினில் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வரும் இரண்டு சம்பளமும் ஒரே கேட்டைத் தாண்டித்தான் வரவேண்டும்.

ஆண்டுக் கணக்கு முடிய இரண்டு மாதம் இருந்தது. முதலாளியின் அறையில் கமா விளக்கிக்கொண்டிருந்தாள்.

"நாம நூறு ரூபாய்க்கு வித்த கடன் பத்திரத்தை இப்ப சந்தையில நாற்பதுக்குத்தான் கேக்குறாங்க சார்."

"ஏனாம்?"

"நாம திருப்பித் தரமாட்டோம்னு நினைக்கிறாங்க."

"அயோக்கியப் பசங்க!"

"இருங்க சார். அந்தப் பத்திரத்தை நாம சந்தை விலையிலதான் கணக்குல வச்சிருக்கோம். அதனால நூறு ரூபா கடன் நாற்பதாயிடுது. குறைஞ்ச அறுபது நமக்கு ஆதாயம். ஆனா"

3

இந்த இடத்தில் வெட்டினால் ஜோராக இருக்கும் என்று தோன்றியது. வெட்டிவிட்டேன். 'ஆனா'வுக்குப் பிறகு அவள் சொல்ல இருந்தது என் கத்தரிக்கோலோடு போய்விட்டது. முதலாளி காதில் 'ஆதாயம்' மட்டும் தங்கியது.

மறுநாளே அவர் சொந்தக் கம்பெனியின் பேரைக் கெடுக்கக் கிளம்பினார். பெயர்ப்பலகையில் பாதி விளக்கைப் பிடுங்கச் சொன்னார். பங்குத் தரகர்கள் ஏறி இறங்கும் லிஃப்டில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, விசும்பியபடி மேலும் கீழும் போய்வந்தார். போன் எடுக்கும் பெண்ணுக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தார்: "கம்பெனி இருக்கா இல்லையான்னு எனக்கே சரியாத் தெரியலைங்க."

பத்திரம் முப்பதுக்கு விழுந்தது. முதலாளி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். இருபதுக்கு விழுந்ததும் தனக்கு எவ்வளவு போனஸ் எடுத்துக்கொள்வது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

ஆனால் மூடி செய்வதற்கான பிளாஸ்டிக்கை மூட்டையாக விற்கிறவரும் அந்த அழுகையை நம்பித் தொலைத்தார். பணத்தை வைத்தால்தான் மூட்டை இறங்கும் என்றார். சம்பளப் பணம் அங்கே போயிற்று. வங்கியும் கையை விரித்தது.

"சம்பளம் நின்னா பேர் இன்னும் கெடும்! நல்லதுதானே?" என்றார் முதலாளி.

4

"அறுபது எண்பதாயிடுச்சாமே, உன் ஆதாயம்?" என்றார் கமாவின் கணவர். "அதுலேர்ந்து எனக்கு ஒரு மாசச் சம்பளம் மட்டும் எடுத்துக் குடேன்."

(இதற்குள் உங்களுக்கும் என்மேல் நம்பிக்கை குறைந்திருக்கும். உங்களுக்கு ஒரு முடிவு தரவேண்டியது என் கடன். தரமாட்டான் என்று நீங்கள் நினைக்க நினைக்க என் கடன் குறைகிறது. ஒரு மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.)

கமா அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடமே வந்தாள்.

"மிட்டாயைத் துப்புங்க. என் பேச்சுல பாதியை வெட்டினது நீங்கதானே? திருப்பிக் குடுங்க."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே முதலாளியின் அறைக்குப் போனாள்.

5

"ஆனா அந்த ஆதாயம் லாபத்துல ஏறாது சார். கணக்குத் தாள்ல லாபத்துக்குக் கீழ தனி வரியில போய் உக்காந்துக்கும். அதை வச்சு போனஸ் எடுக்க முடியாது, சம்பளமும் போட முடியாது. தவணை வந்தா நூறுக்கு நூறு எண்ணி வைக்கணும்."

முதலாளி துண்டை இறக்கினார். "அப்போ நான் லிஃப்டுல அழுதது?"

"சும்மா அழுதது சார்."

"அந்த வரியைக் கொஞ்சம் மேல தூக்கி வையேம்மா. ஒரு வரிதானே?"

"வைக்க மாட்டேன் சார். வச்சாலும் அது காசாகாது. கேட்ல எல்லாரும் நிக்கிறாங்க."

6

முடிவு ஒன்று: வங்கி மனம் மாறிக் கடன்

"யார் நம்புவாங்க?" என்று கமா அந்த வரியை அடித்துவிட்டாள்.

முடிவு இரண்டு: பழைய பீரோவைத் திறந்தால் கட்டுக் கட்டாக

"எங்கேர்ந்து வந்துச்சு? ரசீது இருக்கா?" அதையும் அடித்தாள்.

"சரி, நீயே சொல்லேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியின் மேஜையைப் பார்த்தாள். அங்கே அவருடைய பெரிய காரின் சாவி கிடந்தது.

"சார், இதை வித்தா இந்த மாசச் சம்பளம் மொத்தமும் வரும்."

முதலாளி சாவியைக் கையில் எடுத்தார். எடுத்து

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. சாவியை அவர் பையில் போட்டுக்கொள்வதாக எழுத மனசு வரவில்லை. நீட்டுவதாக எழுதினால் கமாவே நம்பமாட்டாள். இந்தக் கதையில் அவரை இத்தனை கேவலமாக எழுதியவன் நான்தான்.

கமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பினாள்.

"படிக்கிறவங்களே, இவரால ஆகாது. வெளியில எங்க வீட்டுக்காரர் நிக்கிறார். நான் போய் என்னன்னு சொல்லட்டும்?"