அத்தை நின்ற இடம்

1

இந்தக் கதையை அவள் எனக்குச் சொன்னதே என் முகத்தைச் சரிசெய்யத்தான். புத்தகத்தின் பின் அட்டைக்கு என்னைப் படமெடுக்க வந்திருந்தாள் அந்தப் புகைப்படக்காரி. கேமராவைக் கண்டால் பல் பிடுங்கப் போகிறவரைப் போல ஆகிவிடும் என் முகம். அவள் லென்ஸைத் துடைத்தபடி சாவகாசமாகத் தன் அத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததில் படம் எடுத்து முடித்ததே தெரியவில்லை.

“இத நான் எழுதிக்கலாமா?” என்றேன்.

“தாராளமா எழுதுங்க. ஆனா எங்கப்பாவ அழ மட்டும் வைக்காதீங்க. அவருக்கு அது வராது.”

2

முதல் தொடக்கம்: “நிலம் என்பது நினைவின்…” வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: “அவளுக்கு நிலத்தைப் பிடிக்கும், நிலத்துக்காரர்களைத்தான்…” பாதியில் நின்றுவிட்டது. பொய் அதற்கு மேல் நகரவில்லை. நிலத்துக்காரர்கள் மேல் புகைப்படக்காரிக்கு உயிர்.

ஆகவே நடந்தது நடந்தபடி.

ஊரார் கல்யாணங்களையும் தொழிற்சாலைகளையும் படமெடுத்துப் பிழைத்தவளுக்கு, ஒரு கட்டத்தில் தன் வீட்டாரை அவர்களுடைய நிலத்திலேயே வைத்து எடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தாத்தா புதர் வெட்டித் திருத்திய நிலம். இப்போது அப்பா சோளம் போடுகிறார். வீட்டில் எல்லோரிடமும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: “இந்த நிலத்துல உங்க இடம் எது? அங்க போய் நில்லுங்க.”

அம்மா யோசிக்கவே இல்லை. மோட்டார் அறைக்குப் பின்னால் போய் நின்றாள். “இங்கதான்டி ஃபோன் எடுக்கும். எங்க அக்காகிட்ட நிம்மதியா பேச வேற இடம் ஏது?”

அப்பா நட்டநடுவில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “எல்லாமே என் இடந்தான். எங்க வேணா எடு.”

(இந்த வாக்கியத்தில் கொஞ்சம் தலைக்கனம் தெரிகிறதா? தெரியட்டும். என் முதல் பிரதியில் அதைத் தேய்த்து மழுப்பியிருந்தேன். புகைப்படக்காரி படித்துவிட்டு, “இது எங்கப்பா இல்ல, யாரோ சாமியார்” என்றாள்.)

3

அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா நிலம் திருத்தியபோது கல் பொறுக்கிக் குவித்தவர்கள் இந்த அண்ணனும் தங்கையும்தான். அப்போது இரண்டு பேருமே பள்ளிக்கூடப் பிள்ளைகள். கல்யாணத்தோடு தங்கைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்று பெரியவர்கள் பேசி முடித்து, நிலம் முழுவதும் அண்ணன் பெயருக்கு வந்தது. அத்தை ஒரு சொல் சொல்லவில்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், அண்ணனோடு சிரித்துப் பேசுவாள். நிலத்துப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுத்ததில்லை.*

* இந்த இடத்தில் அத்தையின் மனக்குமுறல் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவளே யாரிடமும் சொல்லாததைச் சொல்ல நான் யார்?

அந்த அத்தையைத்தான் புகைப்படக்காரி ஃபோனில் கூப்பிட்டாள். “வரேன் வாண்டு” என்று அத்தை சட்டென்று சொன்னதில் இவளுக்கே பயம் வந்துவிட்டது. செய்தி கேட்டு அப்பா, “வந்தா வரட்டும், அதுக்கென்ன இப்ப?” என்றார். ஆனால் அத்தை வருகிற அன்று காலையில் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நிலத்தின் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார்.

4

அத்தை வந்தாள். வரப்பில் நிதானமாக நடந்தாள். அப்பா கூடவே போனார்.

“இங்க ஒரு மேடு இருந்துச்சேண்ணா?”

“சமப்படுத்திட்டேன் பாப்பா.”

(பேரன் பேத்தி எடுத்தவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். இதை நான் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.)

“சரி அத்தை, உங்க இடம் எது? அங்க நில்லுங்க” என்றாள் புகைப்படக்காரி.

அத்தை சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள். கேட்டைத் திறந்து வெளியே போனாள். சாலையோரமாகச் சுற்றிக்கொண்டு வந்து, முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“எடு வாண்டு. இதான் என் இடம்.”

குரலில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேமராவுக்குள் பார்த்தவளுக்கு, கம்பி ஒன்று அத்தையின் கழுத்துக்குக் குறுக்கே ஓடுவது தெரிந்தது. இவ்வளவு நல்ல படம் வாழ்நாளில் அமையாது என்பதும் தெரிந்தது. விரல் மட்டும் அசையவில்லை. பக்கத்தில் அப்பா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

5

முதல் பிரதியில் அப்பா அழுதார். (மன்னிக்கவும், தடையை மீறிவிட்டேன்.) இரண்டாவதில் தலைகுனிந்து வீட்டுக்குப் போனார். இரண்டையும் படித்துவிட்டுப் புகைப்படக்காரி சொன்னாள்: “எங்கப்பாவுக்கு மனசு கஷ்டமானா கோவந்தான் வரும்.”

கோபம்தான் வந்தது. “பாப்பா! வெயில்ல நிக்காத. உள்ள வா!”

“ஏன், உள்ள மட்டும் வெயில் இல்லையாக்கும்?”

“வான்னா வரணும்!”

அத்தை அசையவில்லை. அப்பா விறுவிறுவென்று வேலியைப் பார்த்து நடந்தார். கேட் வரை போகப் பொறுமை இல்லை. இரண்டு கம்பிக்கு நடுவே குனிந்து, ஒரு காலை அந்தப் பக்கம் வைத்து, உடம்பை நுழைத்தார். இஸ்திரிச் சட்டையை முதுகில் முள் கவ்விக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பாதி அப்பா நிலத்தில், பாதி அப்பா சாலையில்.

“வாசல்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” அத்தை திட்டிக்கொண்டே ஓடி வந்து, கீழ்க்கம்பியைச் செருப்புக் காலால் மிதித்து, மேல்கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தாள்.

புகைப்படக்காரி அப்போதுதான் அழுத்தினாள்.

அந்தப் படம் இப்போது ஒரு கண்காட்சிச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. “மானத்த வாங்காத, அத மட்டும் மாட்டாத” என்றார் அப்பா. “அதத்தான் மாட்டணும்” என்றாள் அத்தை. யார் பேச்சு எடுபட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

6

இனி முடிவு.

சிக்கிக்கொண்டு குனிந்திருந்தபோது அப்பா தங்கையிடம் ஏதோ சொன்னார். தூரத்தில் நின்றவளுக்குக் கேட்கவில்லை. பிற்பாடு அத்தையிடம் கேட்டதற்கு, “உங்கப்பாகிட்ட கேளு” என்றாள். அப்பாவிடம் கேட்டால், “என்ன சொன்னேன்? முள்ள எடுன்னு சொன்னேன்.”

அவருக்காக நான் எழுதிப் பார்த்தவை: “பாதி உனக்கு, பாப்பா.” (பெரிய மனசு, ஆனால் நாடக வசனம்.) “நீ அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” (இதுதான் அவர் குரல். ஆனால் அநியாயம்.) “நான் தப்பு பண்ணிட்…” முடிக்கவில்லை. அவரும் முடித்திருக்கமாட்டார்.

எனவே அந்த வரியை உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் வெளியே ஒருத்தர் நின்றிருக்கலாம். அல்லது நின்றது நீங்களாக இருக்கலாம். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை அப்பாவின் வாயில் வையுங்கள். எதை வைத்தாலும் புகைப்படக்காரி கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. அவர் சொன்னதைக் கேட்டதும், அத்தை கம்பியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.