நாற்பத்தேழரை

அந்த ஆற்றில் மூழ்கிப் போனவர்களைத் தூண்டில் போட்டுத் திரும்பப் பிடிப்பதற்கு வருடாந்திர பர்மிட் ஒன்று உண்டு. அதன் விலை, நல்ல நிலையில் இருக்கிற ஒரு பழைய ஓவர்லாக் தையல் மெஷினின் விலை. சாதா பர்மிட் மலிவுதான், ஆனால் அதில் மீன் மட்டும்தான் பிடிக்கலாம். பெரிய பர்மிட்டை மஞ்சள் அட்டையில் அடித்துத் தருவார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறைதான் தூண்டில் போடலாம். நாற்பத்தெட்டு இஞ்சுக்குக் குறைவாக எது சிக்கினாலும், தலைமுடி காய்வதற்குள் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். நாற்பத்தெட்டை எட்டிவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். திருப்பி விடுவது குற்றம். இந்த அளவு எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டால், மீனுக்காக எழுதின விதி, அதையே எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டோம் என்பார்கள். அவ்வளவு நீள மீனை அந்த ஆற்றில் ஒருவரும் பார்த்ததில்லை. எழுதின ஆளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை போலிருக்கிறது.

பெரியவர்களை இழந்தவர்களுக்கு இது பெரும்பாலும் நல்லபடியாகவே நடந்தது. ரொட்டிக்கடைக்காரியின் கணவர் மூழ்கின இரண்டாம் மாதமே சிக்கினார். இன்றைக்கும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சில்லறை இல்லை என்று சிடுசிடுக்கிறார். பூட்டுக்காரர்தான் பர்மிட்டுக்குப் பணம் சேர்க்க ஆறு வருடம் எடுத்துக்கொண்டார். அவருடைய தம்பி வீட்டுக்கு வந்த நாலாம் நாள், குழாயடியை விட்டு நகராமல் உட்கார்ந்த இடத்திலேயே காய்ந்து, ஒரு வாளி மணலாகிப் போனான். ஆற்றில் நாளானவர்களுக்குக் கரை ஒத்துக்கொள்ளாது என்று அதற்குப் பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தையல்காரரை எல்லோரும் அரை இஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் அரை இஞ்சு கூடுதலோ என்று யாராவது இழுத்தால் போதும், மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு மொத்தச் சட்டையையும் பிரித்துத் திரும்பத் தைப்பார். டேப்பு சொன்னதை அவர் ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. அவர் வெட்டித் தைப்பார். மனைவி காஜா எடுத்துப் பட்டன் கட்டுவாள். மகளுக்கு ஆறு வயது. வளர்கிற பிள்ளை என்று அவளுடைய கவுன்களுக்குக் கீழே மூன்று இஞ்சு உள்மடிப்பு விட்டுத் தைப்பார். உயரம் கூடக் கூடப் பிரித்து இறக்கிவிடலாம். ஒரு செவ்வாய்க்கிழமை அவளை நிற்கவைத்து அளவு எடுத்தார், நாற்பத்து மூன்று. வியாழக்கிழமை அவள் படித்துறையில் செருப்பைக் கழுவப் போனாள். செருப்பு மட்டும் கிடைத்தது.

பர்மிட் வாங்கலாமா வேண்டாமா என்று இரண்டு பேரும் பதினோரு மாதம் பேசினார்கள். பேசினார்கள் என்றால் அவர் பேசினார், அவள் பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றில் இருக்கிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு இஞ்சு வளரும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஐந்து வருடம் ஆனால்தான் மகள் நாற்பத்தெட்டைத் தொடுவாள். கடைசியில் ஒருநாள் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வாய் திறந்தாள். "அஞ்சாவது வருஷம் மட்டும் வாங்கிக்கலாம். நடுவுல எதுக்கு?" பார்க்க வேண்டாமா என்று கேட்டார் அவர். "பாத்துட்டு நம்ம கையாலயே திரும்பத் தள்ளி விடணும். அதுக்குக் காசு வேற குடுக்கணுமா?" என்றாள். மறுநாள் ஓவர்லாக் மெஷினை விற்றுவிட்டு மஞ்சள் அட்டையோடு வந்தார். அன்றிலிருந்து கடைக்கு வந்த எல்லாத் துணிக்கும் ஓரத்தை அவள் கையாலேயே அடித்தாள்.

முதல் முறை மப்பும் மந்தாரமுமாக இருந்த ஒரு காலையில் போனார்கள். வெயில் இல்லையென்றால் முடி காய நேரமாகும். மகளுடைய பழைய கவுனிலிருந்து ஒரு சிவப்புப் பட்டனை எடுத்து நூலில் கட்டி விட்டார். கால் மணி நேரத்தில் மகள் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு படியேறி வந்தாள். தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறது என்று குறை சொன்னாள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளா என்று கேட்டாள். ஆற்றுக் காவலர் கோடு போட்ட பலகையில் அவளைச் சாய்த்து நிறுத்திப் பார்த்து, நாற்பத்து நான்கு என்று பதிவேட்டில் எழுதினார். கல்மனசுக்காரர் இல்லை. அளவு பத்தவில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எதிர்க்கரையைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டார். தாய் புதுக் கவுனை மாட்டிவிட்டாள். தலைவாரப் போனவள், வாரினால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று சீப்பைக் கீழே வைத்தாள். உச்சியில் இரண்டு மயிர் பிரிந்து எழும்பின. "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள் பிள்ளை. "அடுத்த வருஷம்டா கண்ணு" என்றார் தையல்காரர். அதைச் சொன்னதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

இனிமேல் வரமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள், வரவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் கவுனுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தாள், அவர் திரும்பி வந்ததும் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். நாற்பத்தைந்து என்பார். கடைச் சுவரில் மார்க்கிங் சாக்கால் ஒரு கோடு போடுவாள். அடுத்த வருடம் நாற்பத்தாறு, அதற்கடுத்த வருடம் நாற்பத்தேழு. எண்ணைத் தவிர வேறு எதையும் அவர் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் பிள்ளை பென்சிலைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்றாம் வருடம் புதுக் கவுனை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்று மரியாதையாகச் சொன்னாள். நாலாம் வருடம் பேசவே இல்லை. டேப்பைச் சுருட்டிச் சுருட்டி விளையாடினாள், முடி பாதி காய்வதற்குள்ளேயே மூச்சு வாங்கினாள். அளவில் பொய் சொல்லாத மனிதர் மற்றதையெல்லாம் சொல்லாமல் விழுங்கிவிட்டார்.

ஐந்தாம் வருடம் மனைவி கட்டில் வாங்கிப் போட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் இடம் கேட்டு வந்தாள். பூட்டுக்காரர் வீட்டுப் பக்கமே போகாமல் சுற்று வழியில் நடந்தாள். அன்று காலை ஒரு வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் ஆற்றுக்குப் போய் நின்றாள். பிள்ளை வந்தது. காவலருடைய பலகை அந்த வருட மழையில் உளுத்துப் போயிருந்தது. "நீங்களே அளந்து சொல்லிடுங்க. உங்க டேப்ப விடவா?" என்றார் காவலர். தாய் கீழே உட்கார்ந்து டேப்பின் நுனியைக் குதிகாலில் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் மக்கில் தண்ணீர் மொண்டு மொண்டு பிள்ளையின் தலையில் ஊற்றினாள். தையல்காரர் டேப்பை உச்சிவரை இழுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்தார். நாற்பத்தெட்டே கால்.

ஐந்து வருடமாக அவர் காத்திருந்த எண் அது. வாய்வரை வந்துவிட்டது. அப்போது பிள்ளைக்கு மூச்சு இளைத்தது. ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே வழிந்து போக, அடிமுடி காய்ந்துகொண்டே வந்தது. "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றாள் தாய். பிள்ளை அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "எங்க வீடு அங்க இருக்கு" என்று தண்ணீரைக் காட்டியது. குதிகாலிலிருந்து பொடிமணல் கொஞ்சம் உதிர்ந்து தாயின் உள்ளங்கையில் விழுந்தது. அதை அவரும் பார்த்தார்.

"நாப்பத்தேழரை" என்றார் தையல்காரர்.

"சரியாப் பாருங்க!" என்று கத்தினாள் மனைவி.

"நாப்பத்தேழரை. அரை இஞ்சு பத்தல."

காவலர் டேப்பைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பிறகு பதிவேட்டைப் பிரித்து நாற்பத்தேழரை என்று எழுதினார். மனைவி அந்த மணலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கவுனின் உள்மடிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்து, மூன்று இஞ்சையும் முழுசாக இறக்கிவிட்டாள். பிள்ளை படியிறங்கிப் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இரண்டு பேரும் தாங்கியிருக்க மாட்டார்கள். அன்று கடைக்கு வந்ததும் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. சாக்கை எடுத்துச் சுவரில் தானாகவே ஒரு கோடு போட்டாள். தையல்காரர் பிறகு அளந்து பார்த்தார். சரியாக நாற்பத்தெட்டே கால்.

அதற்குப் பிறகு பல மாதம் அவரோடு அவள் பேசவில்லை, புதுசாகவே கிடந்த அந்தக் கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் விழவிடவும் இல்லை. பர்மிட் விலையை அந்த வருடம் கால் பங்கு ஏற்றினார்கள். புதுப்பிக்கிற நாளன்று தையல்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு போனபோது, வரிசையில் அவருக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் அவளுடைய இரண்டு வளையல்களை விற்ற பணம் இருந்தது. ஜன்னலுக்குள்ளிருந்த குமாஸ்தா அம்மாள் நல்ல மனசோடுதான் கேட்டாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவும் முடியல. இவ்வளவு குடுத்து வாங்குறதுல என்ன இருக்கும்மா?"

"மேகமா இருந்தா முக்கால் மணி நேரம் கிடைக்குதுங்க" என்றாள் அவள்.

அன்றிலிருந்து வருடா வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள். மகள் தாயை மிஞ்சி வளர்ந்தாள், பிறகு தகப்பனையும் மிஞ்சினாள். அவர் ஸ்டூல் போட்டு ஏறித்தான் உச்சியில் டேப்பை வைக்கிறார். அவள் இவர்களை யாரென்று கேட்பதில்லை. சிவப்புப் பட்டனைக் கண்டால் வருகிறாள், கவுனைப் போட்டுப் பார்க்கிறாள், தாய் தலையில் தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். பழைய காவலர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்தார். அவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்து எழுதுகிறார். தையல்காரர் இன்றைக்கும் அரை இஞ்சுக்காக அடுத்தவன் சட்டையை முழுசாகப் பிரிக்கிறவர்தான். கடைச் சுவரில் சாக் கோடு பரணைத் தொட்டுவிட்டது. இந்த வருடம் கவுனுக்கு மூன்றரை மீட்டர் துணி பிடித்தது. பதிவேட்டில் நாற்பத்தேழரை.