போ-யென் புள்ளி வைத்த இடங்கள்

லேப்டாப்பின் மேல் கிடந்த பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட்டை, யூ-ஜென்னின் மேடை உதவியாள் குவான்-டிங் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது மார்ச்சுலேயே காலாவதி ஆயிருச்சு. தெரியுமா தெரியாதா?"

"தெரியும். வெச்சிடு."

"மெஷின் கோவிச்சுக்கும்க்கா. நான் புதுசு வாங்கியாந்திருக்கேன்."

"அவன் வெச்சது. இருந்துட்டுப் போவுது."

குவான்-டிங் வைத்துவிட்டான். ஆனாலும் முகம் கோணிக்கொண்டது. தைவானின் கீலுங்கில் மின்சாரம் ஓடும் எந்தப் பொருளுக்கும் தலைமேல் ஒரு பச்சைப் பாக்கெட் உண்டு. மெஷின் சமர்த்தாக இருக்க வேண்டுமே, அதற்குத்தான். பச்சைதான் வைக்க வேண்டும், பிரித்துத் தின்னக்கூடாது, தேதி முடிவதற்குள் மாற்றிவிட வேண்டும். படித்தவன் சிரித்துக்கொண்டே வைப்பான், படிக்காதவன் சிரிக்காமல் வைப்பான். வைக்காதவன் என்று ஒருவனை யூ-ஜென் இதுவரை பார்த்ததில்லை.

பாக்கெட்டை வைத்த அவள் தம்பி போ-யென், ஜனவரிக் குளிரில் வெறும் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் டி.ஜே. தொழில் செய்தார்கள். மேடை ஏறச் சொன்னால் அவனுக்குக் கை கால் உதறும். அதனால் வீட்டில் உட்கார்ந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, எந்த இடத்தில் அடுத்த பாட்டைக் கலக்கலாம் என்று புள்ளி வைத்துக் கொடுப்பது அவன் வேலை. மேடையில் நின்று வாசிப்பது அவள் வேலை. திரையில் பாட்டு ஒரு நீளக் கோடாக ஓடும். கோட்டின் மேல் அவன் வைத்த கலர்ப் புள்ளிகள் தெரியும். பாட்டு ஒரு புள்ளியை நெருங்கும்போது, அதற்கு அவன் எழுதிய சொல் விரியும். 'இங்கே டிரம்ஸ்', 'இங்கே குரல்' என்றுதான் மற்றவர்கள் எழுதுவார்கள். அவன் எழுதியது வேறு. 'அக்கா, தண்ணி குடி.' 'திரையவே மொறைக்காதே, ஆளுங்களப் பாரு.' 'அடுத்த பாட்ட இப்பவே எடுத்து வை, அப்புறம் பேந்தப் பேந்த முழிக்காதே.' 'சிரி. இது கல்யாண வீடு.'

அவன் போன பிறகும் அந்தச் சொற்கள் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தன. முதல் மாதம் 'தண்ணி குடி'யைப் பார்த்துவிட்டு ஒரு கல்யாண மேடையில் அவள் அடுத்த பாட்டைப் போடவே மறந்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒவ்வொரு பாட்டாக வாசித்து, அவன் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டாள். ஒரே ஒரு பாட்டு மட்டும் பாக்கி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த மேடைக்கு ஒண்ணு ரெடி பண்ணி வெச்சிருக்கேன், நடுவுல தெறந்து பாத்துராதே" என்றிருந்தான். அதை அவள் திறக்கவேயில்லை. திறக்காத வரை அவனுக்கு இன்னும் ஏதோ பேச இருக்கிறது என்று அர்த்தம்.

லேப்டாப்போ இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. விசிறி இரைந்தது, திரை அவ்வப்போது நடுங்கியது.

"ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்றீங்க, எதையும் ரெண்டு எடத்துல வெக்கணும்னு? ஒரு நகல் எடுத்துருங்கக்கா. நான் தொடக்கூட மாட்டேன்" என்று குவான்-டிங் கெஞ்சிப் பார்த்துவிட்டான். அவளும் இரண்டு முறை உட்கார்ந்தாள். கை வரவில்லை. போகப்போகிற பொருளுக்குத்தானே நகல் எடுப்பார்கள்?

இது சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், பேய்களின் மாதம். கோயில் சந்தில் லாரியையே மேடையாக்கி நிறுத்தியிருந்தார்கள். பிற்பகல் மழை தூறியது. மேசைகளில் படையல் நூடுல்ஸ், பீர், பிஸ்கெட், ஒவ்வொன்றிலும் ஓர் ஊதுபத்தி. மேடைக்கு எதிரே முன்வரிசைச் சிவப்பு நாற்காலிகள் முழுக்கக் காலி. அவை இந்த மாதம் ஊருக்கு வந்து போகிற செத்தவர்களுக்கு. குடையோடு ஒருவர் தெரியாமல் போய் உட்கார, கோயில் கமிட்டி லியாவ் ஓடிவந்தார்.

"பெரியவரே, எந்திரிங்க. யாரு மடியில ஒக்காந்திருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பின்வரிசைகள் சிரித்தன. யூ-ஜென்னுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாற்காலிகளுக்காகத்தான் தம்பியின் அந்தக் கடைசிப் பாட்டை இன்றைக்கு வைத்திருந்தாள்.

நாலைந்து பாட்டுகள் ஒழுங்காகப் போயின. சந்து சூடு பிடித்தது. மழைக்கோட்டுப் பெண்கள் எழுந்து ஆடினார்கள். அவள் அந்தப் பாட்டைத் திரைக்குக் கொண்டுவந்தாள். கோடு விரிந்தது. ஆறேழு புள்ளிகள். முதல் புள்ளி ஆரம்பத்திலேயே இருந்தது.

'அவசரப்படாதே.'

அவள் அவசரப்படவில்லை. மெதுவாக உள்ளே விட்டாள். அடுத்த புள்ளிக்குக் கோடு பாதி வழி போயிருக்கும், பாட்டு ஒரே இடத்தில் சிக்கித் தடதடவென்று அடித்தது. திரை உறைந்துவிட்டது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

"நான் பாத்துக்கறேன்" என்று குவான்-டிங் தன் லேப்டாப்புக்கு மாற்றினான். அதே பாட்டு அவனிடமும் இருந்தது. விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொடுத்தான். ஆடியவர்கள் அது ஏதோ வித்தை என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

புதிய திரையில் கோடு ஒரு புள்ளிகூட இல்லாமல் மொட்டையாக ஓடியது. யூ-ஜென்னுக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவன்மேலா, மெஷின்மேலா, தன்மேலேயா, அவளுக்கே தெரியவில்லை.

"அக்கா, வாசிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

அப்போதுதான் பழைய திரையைக் கவனித்தாள். உறைந்திருந்தாலும் அணையவில்லை. சொற்கள் இல்லை, புள்ளிகள் மட்டும் அப்படியே நின்றன. ஒரு கண்ணை அதிலும் ஒரு கண்ணைப் புதிய கோட்டிலும் வைத்தாள். நீலப் புள்ளி இருந்த இடம் வந்தது. என்ன சொல்லியிருப்பான்? பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். மஞ்சள் வந்தது. தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தாள். பச்சை வந்தது, அடுத்த பாட்டை எடுத்து வைத்தாள். இன்னொன்று வந்தது, சிரித்தாள். உதடு கோணிக்கொண்டு போனாலும் சிரித்தாள்.

ஒரு சிவப்புப் புள்ளி மிச்சமிருந்தது. அது பாட்டில் இல்லை. பாட்டு ஓய்ந்து, கோடு தட்டையாகி, ஒன்றுமே ஒலிக்காத வால் பகுதியில் இருந்தது. எந்த டி.ஜே.யும் அங்கே புள்ளி வைக்க மாட்டான். மேடையில் மௌனம் விழுந்தால் தொழில் போயிற்று என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பாட்டு தேய்ந்தது. குவான்-டிங் அடுத்ததைத் தட்டிவிடக் கையை நீட்டினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. அவன் இன்னும் முடிக்கல."

ஸ்பீக்கர்கள் ஓய்ந்தன. ஆடியவர்கள் கை தூக்கியது தூக்கியபடி நின்றார்கள். சந்து முழுக்க ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. முன்வரிசையின் காலி நாற்காலிகளில், ஒன்று விடாமல், மழை விழுந்துகொண்டிருந்தது.